இரண்டு மலிவு மைக்குகளும் ஒரு தூக்குக்குண்டும்

அறையில் ஸ்பீக்கர் ஒலி எப்படிக் கேட்கிறது என்று அளக்க என்னிடம் ஏற்கெனவே யூமிக்-1 என்ற அளவை மைக் இருக்கிறது. அதன் சீரியல் எண்ணைக் கொடுத்தால் அந்த மைக்குக்கென்றே எடுத்த கேலிப்ரேஷன் ஃபைல், அதாவது எந்த அலைவரிசையில் மைக் எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டும் என்ற பட்டியல், கிடைக்கும். ஸ்பீக்கரை நோக்கி நீட்ட 0 டிகிரி, கூரை பார்த்து நிறுத்த 90 டிகிரி என்று இரண்டு. ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் பதிவு செய்ய ஆசை வந்ததால், மைக் கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் மின்சாரத்தில் (ஃபேண்டம் பவர்) ஓடும் மலிவான எலக்ட்ரெட் வகை மைக் ஒரு ஜோடி வாங்கினேன். பெயர் வேண்டாம். பெட்டிக்குள் ஃபைல் எதுவும் இல்லை. எல்லா அலைவரிசையையும் ஒரே சீராகப் பிடிக்கும் என்று காட்ட, அட்டையில் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல ஒரு கோடு மட்டும் அச்சாகியிருந்தது. இந்த விலைக்கு எந்த எலக்ட்ரெட்டும் அவ்வளவு நேராகப் போகாது. அதனால் ஃபைலை நானே தயாரிக்க முடிவு செய்தேன்.

செய்முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரே ஸ்பீக்கர், ஒரே இடம். முதலில் குணம் தெரிந்த யூமிக்கை வைத்து ஒரு ஸ்வீப் (அடி ஒலியிலிருந்து உச்சி வரை ஏறும் சோதனை ஒலி), பிறகு புது மைக்கை வைத்து இன்னொன்று. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஸ்பீக்கரின் குணம் அடிபட்டுப் போய், புது மைக்கின் குணம் மட்டும் மிஞ்சும். மென்பொருள் ரூம் ஈக்யூ விஸார்ட், இலவசம். இரண்டு டிரைவர் உள்ள ஸ்பீக்கரில் கீழ் ஒலி தரும் வூஃபரும் மேல் ஒலி தரும் ட்வீட்டரும் சேரும் அலைவரிசையில் மைக் கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு ஆடும். அதனால் ஒரே டிரைவரில் எல்லா ஒலியும் வரும் 3 இஞ்ச் ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

படுத்தியதெல்லாம் அந்த ‘ஒரே இடம்’தான். 10 கிலோஹெர்ட்ஸில் அலைநீளமே மூன்றரை சென்டிமீட்டர். ஒரு மைக்கைக் கழற்றி மற்றதை மாட்டும்போது நுனி ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போனாலும் மேல் பகுதிக் கோட்டை நம்ப முடியாது. கடைசியில் கைகொடுத்தது கொத்தனார் தூக்குக்குண்டு. ஊஞ்சல் கொக்கியில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, குண்டின் கூர் மைக்கின் நுனியில் தொட்டும் தொடாமலும் நிற்கும்வரை ஸ்டாண்டை நகர்த்துவேன். பிறகு குண்டைத் தூக்கி ஓரமாகக் கட்டிவிட்டு, ஃபேனை அணைத்து, வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்வீப்பை ஓட்டுவேன். ஒரே மைக்கை எடுத்துத் திரும்ப வைத்துச் சரிபார்த்தால், இரண்டு கோடுகளும் 15 கிலோஹெர்ட்ஸ் வரை அரை டெசிபலுக்குள் ஒட்டி நின்றன. அப்புறம்தான் வேலையே தொடங்கியது.

அடுத்து, அறையின் எதிரொலி அளவீட்டில் கலக்கக் கூடாது. மொட்டை மாடிக்குப் போகலாம் என்றால் காற்றும் பைக் சத்தமும். அறையிலேயே ஸ்பீக்கரையும் மைக்கையும் தரைக்கும் கூரைக்கும் நடுவில், அரை மீட்டர் இடைவெளியில் வைத்தேன். 10 அடி உயரக் கூரையில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியைவிட இரண்டரை மீட்டர் கூடுதலாகச் சுற்றி வருகிறது. சுமார் 7 மில்லிசெகண்ட் தாமதம். ஸ்வீப்பிலிருந்து மென்பொருள் கணக்கிடும் இம்பல்ஸில், அதாவது ஒலி மைக்குக்கு வந்து சேருவதை நேர வரிசையில் காட்டும் படத்தில், அதற்கு முந்திய துண்டை மட்டும் வெட்டி எடுத்தால் எதிரொலி கலக்காது. ஆனால் அந்தத் துண்டில் 140 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் தேறாது. கீழ்ப்பகுதிக்குப் பெரிய வூஃபரின் கோனை ஒட்டி மைக்கை வைத்துத் தனியாக எடுத்தேன். அவ்வளவு பக்கத்தில் அறையின் குறுக்கீடு மிகக் குறைவு.

முதல் மைக் 100 ஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு டெசிபலுக்குள் அடங்கியிருந்தது. அதற்கு மேல் ஏறி, 11 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபலைத் தொட்டது. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்லச் சரிந்தது. அதே பெட்டியில் வந்த ஜோடி மைக்கில் அந்த மேடு பாதி உயரம்தான், அதுவும் 9 கிலோஹெர்ட்ஸில். ஒன்றின் ஃபைல் மற்றதற்கு ஆகாது. ஃபைல் என்பது வெறும் டெக்ஸ்ட்தான்: ஒரு வரிக்கு ஒரு அலைவரிசை, பக்கத்தில் எத்தனை டெசிபல் விலகல். மைக்கின் குணத்தை அப்படியே எழுதினால் போதும், மென்பொருள் கழித்துக்கொள்ளும். குறியை நாமே மாற்றிப் போட்டால் 3 டெசிபல் பிழை 6 ஆகிவிடும்.

ஒலியின் அளவு உண்மையில் எத்தனை டெசிபல் என்பது தனிக் கதை. அதற்கு 1 கிலோஹெர்ட்ஸில் 94 டெசிபல், அதாவது 1 பாஸ்கல் அழுத்தம், கொடுக்கும் கேலிப்ரேட்டரை இரவல் வாங்கினேன். மைக்கின் நுனியை அதன் ரப்பர் வளையத்துக்குள் முழுக்க அழுத்திவிட்டு, காட்டும் எண்ணை 94 ஆக்கினால் முடிந்தது. பிறகு மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியின் கெயின் குமிழை யாரும் திருகாமலிருக்க அதன்மேல் டேப் ஒட்டிவிட்டேன்.

இவ்வளவும் செய்து அறையை அளந்தால், 57 ஹெர்ட்ஸில் ஒரு முகடு அக்கம்பக்கத்தைவிட 14 டெசிபல் உயரத்தில் நிற்கிறது. ஃபைலைப் போட்டாலும் எடுத்தாலும் அது அரை டெசிபல்கூட அசையவில்லை. அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், உயரமும் 10 அடி. நம்மூர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டர். அதை அகலத்தின் இரு மடங்கால் வகுத்தால் 57; இரு சுவர்களுக்கு நடுவே ஒலி மோதி அதிரும் அலைவரிசை அதுதான். உயரமும் அதேதான் என்பதால் இரண்டு அதிர்வுகளும் ஒரே இடத்தில் விழுகின்றன. பாஸ் பிரச்சினையை மட்டும் பார்ப்பவருக்கு ஃபைல் இல்லாத மைக்கே தாராளம் என்பது என் கணக்கு. ட்வீட்டரின் மேல் ஒலியைத் திருத்த நினைத்தால் மட்டும் இந்தப் பாடு அவசியம்.

90 டிகிரி ஃபைலை இன்னும் எடுக்கவில்லை. மைக்கைக் கூரை பார்த்து நிறுத்தினால் தூக்குக்குண்டு நேர் மேலே வரும் என்பதால் அந்த வேலை இன்னும் சுலபம். மழைக்காலம் முடிந்ததும் இரண்டையும் மறுபடி சோதிக்க வேண்டும். அதுவரை சிலிக்கா ஜெல்லோடு மூடிபோட்ட டப்பாவில் இருக்கட்டும்.