ஆற்காட்டு லாயமும் பேர்பெற்ற போர்க்குதிரைகளும்

1798 டிசம்பரில் ஆரணியில் இரண்டு ஆங்கில அதிகாரிகள் கைத்துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள். பன்னிரண்டாவது காலாட்படையின் கர்னல் ஆஸ்டன் அதில் குண்டடிபட்டு, சில நாள் படுக்கையில் கிடந்து இறந்துபோனார். சாவதற்கு முன் தன்னுடைய சாம்பல் நிற அரபுக் குதிரையை ஆர்தர் வெல்லெஸ்லிக்குக் கொடுத்தார். குதிரையின் பெயர் டயோமிட். வாங்கிக்கொண்டவர் பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனார்.

இரண்டே மாதத்தில், 1799 பிப்ரவரியில், வேலூரில் திரண்ட படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் புறப்பட்டது. மே 4-ல் கோட்டை விழுந்தது, திப்பு களத்தில் மாண்டார். அடுத்து 1803 செப்டம்பர் 23, மராத்தியரோடு அசாயே போர். அன்று ஒரே பகலில் வெல்லெஸ்லியின் குதிரை ஒன்று குண்டுபட்டுச் செத்தது. மாற்றிக்கொண்ட டயோமிட் நெஞ்சில் ஈட்டிக்குத்து வாங்கியது. மூன்றாவது குதிரையில் ஏறித்தான் அவர் போரை முடித்தார்.

தளபதியின் குதிரை ஏன் இப்படி அடிபடுகிறது என்றால், சாதாரணச் சிப்பாயின் குதிரை வரிசையில் நின்று பாய்ச்சலுக்குக் காத்திருக்கும், தளபதியின் குதிரைக்கு நிற்க நேரமே கிடையாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாள் முழுக்க ஓட வேண்டும், ஓட்டத்தில் பாதி எதிரியின் பீரங்கிக்கு எட்டும் தூரத்தில். அதனால்தான் எந்தத் தளபதியும் ஒரு குதிரையை நம்பிப் போருக்குப் போனதில்லை. மூன்று நான்கு வைத்திருப்பார்கள், ஒன்று உழைக்கும்போது மற்றது இளைப்பாறும். சரித்திரம் அதில் ஒன்றின் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளும்.

வாட்டர்லூவில் வெலிங்டன் ஏறிய கோப்பன்ஹேகன் ஏறக்குறைய 155 சென்டிமீட்டர் உயரம். நெப்போலியனுடையது என்று சொல்லப்படும் மாரெங்கோ சுமார் 145 சென்டிமீட்டர். அதன் எலும்புக்கூடு லண்டன் ராணுவ அருங்காட்சியகத்தில் நிற்கிறது. படங்களில் மலைபோல் தெரியும் இந்தக் குதிரைகள் உண்மையில் நடுத்தரம்தான். அதுதான் சரியான அளவும்கூட. பெரிய உடம்புக்குத் தீனி அதிகம் வேண்டும், உடம்புச்சூடு மெதுவாகத்தான் தணியும், பாரம் முழுக்கக் குளம்பில் இறங்கும். அரபு ரத்தம் உள்ள 150 சென்டிமீட்டர் குதிரை கொஞ்சத் தீனியில் நாள் கணக்கில் நடக்கும். கோப்பன்ஹேகன் வாட்டர்லூ அன்று விடிகாலை முதல் இரவு வரை வெலிங்டனைச் சுமந்தது. இறங்கியவர் தட்டிக்கொடுக்கப் போனபோது காலை உதறி உதைத்ததாம். அவ்வளவு நேரம் கழித்தும் உதைக்கத் தெம்பிருந்த குதிரை அது. 1836-ல் தன் 28 வயதில்தான் இறந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். செஞ்சி தேசிங்கின் பாராசாரியைத் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் கேட்காதவர்கள் வடாற்காட்டில் குறைவு. 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்துத் தேசிங்கு விழுந்தான். அவன் ராணியின் நினைவாகத்தான் பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை. யாராலும் அடக்க முடியாத குதிரையைச் சிறுவன் ஒரே சவாரியில் அடக்கினான் என்று பாட்டு சொல்லும். அலெக்சாண்டரின் புகெபலஸைப் பற்றியும் இதேதான் கதை. தன் நிழலைக் கண்டு மிரண்ட குதிரையைச் சூரியனைப் பார்க்கத் திருப்பினான் என்பார்கள். எதைக் கண்டு மிரள்கிறது என்று முதலில் கவனிப்பது நல்ல பழக்குநர் செய்யும் வேலை, அந்த அளவில் கதை சரி. ஆனால் போர்க்குதிரை ஒரு நாளில் உருவாகாது. தீனி வைக்கும் நேரத்தில் தூரத்தில் பறை கொட்டி, நாளாக நாளாகப் பக்கத்தில் கொண்டுவந்து, அப்புறம் வெற்று வேட்டு போட்டு, கொடி வீசி, யானைக்கு அருகே கட்டிப் பழக்கி, இப்படி மாதங்கள் ஓடும். யானையின் வாடையே பழகாத குதிரையைத் திருப்பி ஓடவைக்கும். ராணா பிரதாப்பின் குதிரை சேத்தக்கைப் பற்றிய கதையில் என்னைக் கவர்வது இதுதான். ஹல்திகாட்டியில் 1576-ல் அது மான்சிங்கின் யானைமேல் முன்னங்காலைத் தூக்கி வைத்தது என்கிறார்கள். அப்படிச் செய்ய ஒரு குதிரையைத் தயார் செய்த கைகள் யாருடையவை?

தேசிங்கு வெள்ளம் ஓடிய ஆற்றைக் குதிரைமேல் கடந்தான் என்பதும் கதையில் உண்டு. கடக்க முடியும், முறை தெரிந்தால். தலையைக் கீழே பிடித்துவைக்கும் வாரை ஆற்றில் இறங்கும் முன் அவிழ்த்துவிட வேண்டும். நீந்தும் குதிரை மூக்கைத் தூக்க முடியாவிட்டால் மூழ்கிவிடும். கடிவாளத்தைத் தளரவிட்டு, பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு, உடம்பை நீரோட்டம் வரும் பக்கமாகச் சாய்த்துக்கொள்வார்கள். கடிவாளத்தை இழுத்தால் குதிரை பின்பக்கமாகப் புரளும். கரையேறியதும் வயிற்றுவாரை மறுபடி இறுக்குவது கட்டாயம், ஏனென்றால் நனைந்த தோல் நீளும், இறுக்காமல் பாய்ந்தால் சேணம் பக்கவாட்டில் சுழன்று ஆளைக் கீழே தள்ளும். அவசரத்தில் மறக்கிற முதல் காரியம் இதுதான்.

ஆற்காட்டில் ஏன் குதிரைப்படை முகாம் வந்தது என்பதற்குக் காரணம் ஹைதர் அலி. 1780-ல் அவருடைய குதிரைகள் அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டுச் சமவெளியில் இறங்கின. செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலக் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. நவம்பரில் ஆற்காடு வீழ்ந்தது. வேலூர்க் கோட்டை முற்றுகையில் தாக்குப்பிடித்தது. அடுத்த ஆண்டு ஆங்கிலத் தளபதி அயர் கூட் பரங்கிப்பேட்டையில் வென்றார், பொள்ளிலூரில் மறுபடி மோதினார், செப்டம்பர் 27-ல் சோளிங்கரில் வென்றார். ஆனால் ஒன்றிலும் துரத்திப்போக முடியவில்லை. அவரிடம் போதிய குதிரை இல்லை, வண்டி மாடும் இல்லை. ஹைதரின் குதிரைகளோ எதிரியின் தானிய வண்டிகளை மறித்தன, மேய்ச்சலை இல்லாமல் செய்தன. அந்தப் பாடத்துக்குப் பிறகுதான் இங்கிலாந்திலிருந்து 1782-ல் டிராகூன் எனப்படும் குதிரைவீரர்களின் ரெஜிமென்ட் ஒன்று சென்னைக்கு வந்து இறங்கியது. பிறகு பத்தொன்பதாவது லைட் டிராகூன்ஸ் என்று எண் மாறிய அந்தப் படைதான் அசாயேயில் பாய்ந்தது. 1806-ல் ஆற்காட்டு லாயத்தில் நின்றதும் அதே படை.

மேய்ச்சலைக் கெடுத்தால் படை நின்றுவிடும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்கு எட்டு முதல் பத்து கிலோ காய்ந்த தீனி வேண்டும். பச்சைப் புல்லாகக் கொடுத்தால் 25 கிலோவுக்குக் குறையாது. தண்ணீர் சாதாரண நாளில் 25 முதல் 40 லிட்டர். ஆயிரம் குதிரைக்கு ஒரு நாளில் 25 டன் புல், 25,000 முதல் 40,000 லிட்டர் தண்ணீர். இதைக் கொண்டுவந்தவர்கள் நம் ஊர் ஆட்கள். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரர், ஒரு புல்லறுப்பவர். புல்லறுப்பு வேலை பெரும்பாலும் குதிரைக்காரர் வீட்டுப் பெண்களுடையது. கொத்தால் அருகம்புல்லை வேரோடு செதுக்கி, மண் போக அடித்து, அலசிக் கட்டிக்கொண்டு வர வேண்டும். சோம்பல்பட்டு அலசாமல் போட்டால் மணல் குடலில் தங்கி வயிற்றுவலி வரும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது வெளியே வர ஒரே வழிதான். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, தரையைக் காலால் பறண்டுவது, புரள்வது, சாணி நின்றுபோவது எல்லாம் அதன் அடையாளம். குண்டைவிட வயிற்றுவலியில் செத்த குதிரைகளை எந்தப் பாட்டும் பாடவில்லை.

தானியத்துக்குக் கொள்ளு. சென்னை மாகாணத்தில் வேகவைத்து ஆறவைத்துத்தான் கொடுப்பார்கள். நாளைக்கு இரண்டு மூன்று கிலோவை ஒரே வேளையாகக் கொட்டக் கூடாது, மூன்றாகப் பிரிக்க வேண்டும். வேலையில்லாத நாளில் கொள்ளைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இந்த ஒன்றில் பலரும் தவறுவார்கள். ஓய்வில் முழுத் தீனி தின்ற குதிரையை மறுநாள் திடீரென்று ஓட்டினால் பின்தொடைச் சதை கல்லாக இறுகி, சிறுநீர் காபி நிறத்தில் போகும், ஓரடிகூட எடுத்துவைக்காது. இதோடு நாளுக்கு 30 கிராமாவது உப்பு. குதிரையின் வியர்வையில் உப்பு மிக அதிகம். வேலூர் வெயிலில் கடுமையாக ஓடும் குதிரை மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் வியர்த்துவிடும்.

குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். ஆணி கொஞ்சம் உள்ளே போனால் சதை புண்ணாகிச் சீழ் வைக்கும். அன்றே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்து நொண்டும், குளம்பைத் தொட்டால் சுடும். பாலாற்று மணலில் இன்னொரு ஆபத்து: ஆழமான மணலில் வேகமாக ஓட்டினால் முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் இழுபட்டு வீங்கும். ஆறுவதற்கு மாதங்கள் ஆகும், சில குதிரைகளுக்கு ஆறவே ஆறாது. மணலில் நடைதான், கெட்டித் தரை வந்த பிறகுதான் ஓட்டம்.

முதுகைக் காப்பது சவாரி செய்கிறவர் கையில் இருக்கிறது. சேணத்தின் முன்வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் புக வேண்டும். அடியில் போடும் கம்பளியில் ஒரு மடிப்பு இருந்தால் போதும், இருபது கிலோமீட்டரில் புண். புறப்பட்ட அரைமணியில் இறங்கி வயிற்றுவாரைப் பார்க்க வேண்டும், ஏறும்போது வயிற்றை உப்பிக்கொண்ட குதிரை அதற்குள் இளகியிருக்கும். போய்ச் சேர்ந்ததும் சேணத்தைச் சட்டென்று எடுக்கக் கூடாது. வாரை மட்டும் தளர்த்திக் கால்மணி விட்டால் அமுங்கியிருந்த முதுகில் ரத்தம் மெதுவாகத் திரும்பும். உடனே எடுத்தால் தடித்துக் கொப்புளம் போடும்.

இத்தனையும் தெரிந்துகொண்டு 1806 ஜூலை 10-ஐப் பார்த்தால் அந்தக் காலை வேறுமாதிரித் தெரியும். பின்னிரவில் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். கோட்டைக்கு வெளியே குடியிருந்த அதிகாரி அனுப்பிய சேதி விடிகாலையில் ஆற்காட்டை எட்டியது. அங்கிருந்த டிராகூன் படையின் கர்னல் கில்லெஸ்பி உடனே குதிரை ஏறிவிட்டார். நடுவில் 25 கிலோமீட்டர். இன்றைய வழியில் சொன்னால் மேல்விஷாரம், ரத்தினகிரி, பெருமுகை, சத்துவாச்சாரி. நாலுகால் பாய்ச்சலில் வந்தார் என்று பலரும் எழுதுகிறார்கள். அப்படி வந்திருக்கவே முடியாது. ஆயுதமும் ஆளுமாக நூறு கிலோவுக்கு மேல் சுமக்கும் குதிரை முழுப் பாய்ச்சலில் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் மூச்சுவாங்கி நின்றுவிடும், சத்துவாச்சாரியைப் பார்க்காது. மணிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர் ஓட்டநடையில், இடையிடையே சிறிது நடையாக, இரண்டு மணி நேரத்தில் வந்திருப்பார்கள். அதுதான் திறமை. கடைசிக் கிலோமீட்டருக்குத் தெம்பு மிச்சம் வைக்காத குதிரைப்படை வந்தும் பயனில்லை.

கில்லெஸ்பி சுமார் இருபது பேரோடு முன்னால் வந்து சேர்ந்தார். வெளி வாயில்கள் திறந்தே கிடந்தன. ஆற்காட்டுச் சாலையில் ஒரு காவல் போட்டு, அந்த வாயில்களையும் அடைத்திருந்தால் சிப்பாய்களுக்கு அந்த நாள் வேறாக முடிந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். உள்வாயில் மட்டும் மூடியிருந்தது. அகழிக்கும் மதிலுக்கும் முன்னால் உலகத்தின் எந்தப் பேர்பெற்ற குதிரையும் ஒன்றும் செய்யாது. கில்லெஸ்பியையே மேலிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இடுப்புவார்களை முடிந்து கட்டித்தான் மதில்மேல் இழுத்தார்கள். குதிரை கீழேயே நின்றது.

வாயிலைத் திறந்தது பின்னால் வந்த வண்டிக் குதிரைகள். குதிரைப்படையோடு ஓட்டத்தில் வரும்படி செய்த இலகு பீரங்கிகளை அவை இழுத்துவந்தன. சவாரிக் குதிரைக்குப் பாரம் முதுகில், இவற்றுக்குத் தோளில். கழுத்துப்பட்டை கொஞ்சம் பொருந்தாவிட்டால் தோல் உரிந்து இழுக்கவே மறுக்கும், மேட்டில் ஒன்று தயங்கினால் பீரங்கியே நிற்கும். அவை தாமதமாக வந்ததற்குக் காரணம் இந்தப் பாரம்தான். காலை பத்து மணி வாக்கில் பீரங்கி உள்வாயிலை உடைத்தது. டிராகூன்களும் கூடவந்த சென்னைக் குதிரைப்படைச் சிப்பாய்களும் உள்ளே பாய்ந்தார்கள். அடைபட்ட இடத்தில் காலாள் மீது குதிரை பாய்ந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. ஏறக்குறைய 350 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள் என்பது வழக்கமான கணக்கு. அரண்மனையில் ஒதுங்கியவர்களில் நூறு பேர் வரையில் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள்.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் குதிரைகள் முன்னங்காலைத் தூக்கி நிற்கின்றன. சிற்பி குதிரையின் பின்தொடைச் சதையையும் மடங்கிய பின்னங்காலையும் எவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறான் என்று கவனியுங்கள். பாரம் முழுக்கப் பின்னங்கால் மூட்டில் இறங்குகிறது. உயிருள்ள குதிரை ஆளைச் சுமந்துகொண்டு இப்படிச் சில நொடிதான் நிற்க முடியும், அந்த நொடிகளில் அதன் வயிறு ஈட்டிக்காரனுக்குத் திறந்து கிடக்கும். தூண்களின் கீழ்ப்பகுதியில் செதுக்கியிருக்கும் காலாட்களையும் சேர்த்துப் பாருங்கள். ஆரணியிலிருந்து போன டயோமிட்டும் அசாயேயில் ஈட்டிக்குத்து வாங்கியது நெஞ்சில்தான்.