பினாங்குக்கு ஒரு கோப்பை

7.2.2025, வெள்ளி

கால்பந்து அணியை நாமே நடத்தும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜர் 25 வரப்போவதில்லை. மார்ச்சுக்குத் தள்ளிப்போட்டவர்கள் நேற்று அடியோடு கைவிட்டுவிட்டார்கள். யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளுக்கு மாற்றியதில் நினைத்த தரம் வரவில்லையாம். ஆண்டு தவறாமல் வந்துகொண்டிருந்த வரிசை, 2004-இல் தொடங்கியது. போகட்டும், அரைவேக்காட்டைப் பரிமாறாமல் விட்டார்களே! பழைய 24-இல் நான் நடத்தும் பினாங்கு அணி ஐந்தாம் இடத்தில் தடுமாறுகிறது. நிஜத்தில் மலேசியாவின் முதல்நிலை லீக் கோப்பை இங்கே கடைசியாக வந்தது 2001-இல்.

10.2.2025, திங்கள்

ரத ஊர்வலம். பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டே மச்சானோடு வாக்குவாதம். விளையாட்டில் அவன் எடுத்து ஆடுவது ஜொகூர் அணியான ஜேடிதி. 2014 முதல் 2023 வரை தொடர்ந்து பத்து முறை லீக்கை வென்ற அணியை எடுத்து வெல்வதில் என்ன சாமர்த்தியம்?

12.2.2025, புதன்

விளையாட்டில் என் அணியின் இளைஞர் அகாடமியிலிருந்து பதினேழு வயது விங்கர், அதாவது ஓரத்தில் ஓடி ஆடுபவன், ஒருவன் வந்திருக்கிறான். இருபதுக்கு வேகம் 16, பந்தைக் காலோடு கொண்டுபோகும் டிரிப்ளிங் 14, முடிவெடுப்பது வெறும் 5. மின்னலாய் ஓடிக் கோடுவரை போகிறான்; யாருக்குக் கொடுப்பதென்று யோசிப்பதற்குள் பந்து பறிபோகிறது. ஆனாலும் எனக்குக் கவலை விளையாட்டு நமக்குக் காட்டாமல் மறைத்து வைத்திருக்கும் எண்களைப் பற்றித்தான். சீராக ஆடுவானா, பெரிய ஆட்டத்தில் கால் நடுங்குமா, அடிக்கடி காயம் படுமா என்பதையெல்லாம் பயிற்சியாளர் அறிக்கை ஜாடைமாடையாகத்தான் சொல்கிறது. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட இதைவிட வெளிப்படையாகப் பேசுவார்கள்.

16.2.2025, ஞாயிறு

2016-இல் இதே தேதியில்தான் சிட்டி ஸ்டேடியத்தில் பகாங்குக்கு எதிராகப் பினாங்கின் ஃபைஸ் சுப்ரி அந்த ஃப்ரீ கிக்கை அடித்தார். ஒரு பக்கம் கிளம்பிய பந்து நடுவானில் மறுபக்கம் வளைந்து வலைக்குள் விழுந்தது. ஆண்டின் மிகச் சிறந்த கோலுக்கு ஃபிஃபா தரும் புஷ்காஷ் விருதைப் பெற்ற முதல் ஆசியர் அவர். மாமா அன்று அரங்கில் இருந்தவர், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

இன்று விளையாட்டின் எண்களை மாற்ற உதவும் எடிட்டரில் ஓர் ஆட்டக்காரனுக்கு ஃப்ரீ கிக், தொலைதூர ஷாட் இரண்டிலும் 20 போட்டு இறக்கினேன். அடித்த பந்துகளில் பாதி எதிரணியினர் வரிசையாக நிற்கும் தடுப்புச் சுவரில் மோதின. மாமாவுக்கு ஏகக் குஷி.

"நம்பர் போட்டால் கோல் வந்துவிடுமா தம்பி? கோல்கீப்பரே எந்தப் பக்கம் பாய்வதென்று தெரியாமல் நின்றார்."

"அதற்கும் ஒரு நம்பர் இருக்கிறது மாமா."

"இருக்கட்டும். அந்த விங்கர் பையனை மட்டும் விற்றுவிடாதே."

ஜேடிதியை நடத்தும் மச்சான் அவனுக்கு நல்ல விலை சொல்லியிருக்கிறான். என் கோல்கீப்பருக்கோ முப்பத்தாறு வயது, புதியவரை வாங்கப் பணம் தேவைப்படுகிறது.