சாங்கி கதவும் சமயபுரத்துக் குங்குமமும்

“பத்து செகண்டுதாம்மா. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள வெளிய வந்துரலாம்” என்று சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்து இமிக்ரேஷன் கதவைப் பற்றித் தங்கை போனில் சொல்லியிருந்தாள். அங்கே போய்க் கண்ணை மூடக் கூடாது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

2025 ஜூனில் அம்மாவைத் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு அழைத்துப் போனேன். தங்கை புது வீட்டுக்குக் குடி போகிறாள், பால் காய்ச்ச அம்மா வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம். அம்மாவுக்கு 67 வயது. அதற்கு முன் அவள் சிங்கப்பூர் போனது 2011இல். அப்போது விமானத்திலேயே ஒரு வெள்ளை அட்டையைக் கொடுப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? பெயர், பாஸ்போர்ட் எண், தங்கும் முகவரி எல்லாம் கையால் நிரப்ப வேண்டும். போதைப்பொருள் கடத்தினால் மரண தண்டனை என்று அதில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். அதை நான் வாசித்துச் சொன்னதும், பையில் இருந்த சுக்குப் பொடியை நினைத்து அம்மா இறங்கும்வரை தவித்தது தனிக்கதை. கவுண்டரில் அதிகாரி பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, அட்டையில் பாதியைக் கிழித்து உள்ளே வைத்துக் கொடுப்பார். திரும்பும்போது அந்தப் பாதி இல்லையென்றால் வம்பு.

2020 மார்ச்சோடு அந்தக் காகித அட்டை போய்விட்டது. இப்போது எஸ்ஜி அரைவல் கார்டு என்று இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் செய்யலாம், அல்லது அவர்களுடைய மைஐசிஏ செயலியில் செய்யலாம். (நாம் இமிக்ரேஷன் என்று சொல்லிவிட்டுப் போவதை அங்கே தமிழில் குடிநுழைவு என்று அழகாக எழுதி வைத்திருக்கிறார்கள்.) போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும், அதற்கு முன்பே போட்டு வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க வழியில்லை. காசு கிடையாது. கூகுளில் தேடினால் அதே மாதிரி தோற்றத்தில் பணம் கேட்கும் தளங்கள் வரும், அந்தப் பக்கம் போக வேண்டாம். இந்தக் கார்டு விசாவும் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தனியாக எடுத்தே ஆக வேண்டும்.

விசா எடுத்துக் கொடுத்த ஏஜென்ட், கார்டையும் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அதற்கு ஒரு பழைய காயம் காரணம். 2023இல் ஆபீஸ் வேலையாகப் போனபோது வேறொரு ஏஜென்ட் எனக்குக் கார்டு போட்டுத் தந்தார். மின்னஞ்சல் முகவரி என்ற இடத்தில் தன்னுடையதைப் போட்டுவிட்டார். இப்போது முத்திரைக்குப் பதிலாக, எத்தனை நாள் தங்கலாம் என்பதை ஈ-பாஸ் என்று அந்த மின்னஞ்சலுக்குத்தான் அனுப்புகிறார்கள். என்னுடைய ஈ-பாஸ் திருச்சியில் அவருடைய கடைக் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு. ஆணையத்தின் தளத்திலேயே ஈ-பாஸைத் தேடிப் பார்க்க வசதி உண்டு என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதனால் இந்த முறை அம்மாவுக்கும் எனக்கும் ஒரே மின்னஞ்சல், என்னுடையது.

அடுத்தது பெயர். அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான். குடும்பப்பெயர் என்ற இடம் வெறுமையாக இருக்கும். நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான், இனிஷியலோடு வாழ்ந்து பழகிய ஆட்கள் நாம். இதனால் வரும் தொல்லை கொஞ்சநஞ்சம் இல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தபோது, நம் பக்கத்தில் எத்தனை பேர் பதறினார்கள்! சிங்கப்பூரில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் விமான டிக்கெட்டில் குடும்பப்பெயர் இல்லாமல் பதிவாகாது என்று அம்மாவின் பெயரையே இரண்டு முறை அச்சடித்திருந்தார்கள். அதைப் பார்த்து நானும் கார்டில் அப்படியே போடப் போனேன். தங்கைதான் தடுத்தாள். டிக்கெட்டில் என்ன இருந்தால் என்ன, கார்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் இருக்க வேண்டும். செயலியில் பாஸ்போர்ட் பக்கத்தைப் படம் பிடித்தால் அதுவே படித்து நிரப்பிக்கொள்கிறது. அது எழுதியதை ஒரு தடவை சரிபார்த்தேன், அவ்வளவுதான்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் சமயபுரம் போனோம். இரண்டு பாஸ்போர்ட்டையும் தாம்பாளத்தில் வைத்து அம்மன் காலடியில் வைத்து வாங்கிக்கொண்டாள் அம்மா. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து தன் பாஸ்போர்ட்டைத் திறந்து, போட்டோவுக்குக் கீழே குங்குமத்தையும் திருநீற்றையும் விரலால் தீற்றி மூடி வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

சாங்கியில் இறங்கியது அதிகாலை. திருச்சியிலிருந்து கிளம்பும் ராத்திரி விமானத்தில் யார்தான் தூங்குகிறார்கள். நடந்து நடந்து குடிநுழைவு மண்டபத்துக்கு வந்தால், பழைய வரிசையைக் காணோம். கண்ணாடிக் கதவு வைத்த தடங்கள் நிறைய இருந்தன, ஆள் உட்கார்ந்திருக்கும் கவுண்டர்கள் ஓரமாகக் கொஞ்சம். ஒரு காலத்தில் இந்தத் தானியங்கித் தடங்கள் ஊர்க்காரர்களுக்கும் குறிப்பிட்ட சில நாட்டுக்காரர்களுக்கும் மட்டும்தான். 2024இலிருந்து எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரும் முன்பதிவு எதுவும் இல்லாமல் போகலாம் என்று ஆக்கிவிட்டார்கள். சிப் வைத்த புதுப் பாஸ்போர்ட்டாக இருக்க வேண்டுமோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. எங்கள் இரண்டு பேருடையதும் பழையவை, சிப் கிடையாது. அதற்கு அவசியம் வரவில்லை. போட்டோவுக்குக் கீழே அம்புக்குறிகளாக நிறைந்து இரண்டு வரி இருக்குமே, ஒவ்வொன்றிலும் 44 எழுத்து, கருவி முதலில் தேடுவது அதைத்தான்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம். நான் முன்னால் போனால் அம்மா பின்னால் தனியாக மாட்டிக்கொள்வாள், அந்தப் பக்கம் போனபின் திரும்பி வர முடியாது. அம்மாவை முதலில் அனுப்பினால் பின்னால் நின்று சொல்லிக்கொடுக்கலாம். அவளையே முன்னால் விட்டேன். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள்.

பாஸ்போர்ட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, போட்டோ பக்கத்தைக் கண்ணாடித் தட்டின் மேல் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். வைத்தாள். சிவப்பு. திருப்பி வைத்தாள். மறுபடி சிவப்பு. பின்னால் நின்றவர் பக்கத்துத் தடத்துக்கு மாறிக்கொண்டார். நான் வாங்கிப் பார்த்தேன். அந்த இரண்டு வரியின் மேல் சரியாகக் குங்குமம், திருநீறு, மேலுக்கு எண்ணெய்ப் பிசுக்கு. ராத்திரி முழுக்கக் கைப்பையில் அழுந்தி நன்றாகப் பரவியிருந்தது.

“என்னம்மா இது?”

“அம்மன் குங்குமம்டா. துணைக்கு வரட்டும்னு வெச்சேன்.”

அவள் முந்தானையாலேயே அழுந்தத் துடைத்தேன். தட்டிலும் லேசாக ஒட்டியிருந்தது, அதையும் துடைத்தேன். இப்போது வைத்ததும் முதல் கதவு திறந்தது. அம்மா உள்ளே போனாள், பின்னால் கதவு மூடிக்கொண்டது. லிப்டுக்குள் தனியாக மாட்டியவள் போல என்னைத் திரும்பிப் பார்த்தாள். இயந்திரத்துக்கு வேண்டியது அவள் முகமும் கருவிழியும். அவளோ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். “முன்னாடி பாரும்மா, முன்னாடி!” என்று கத்தினேன். அந்தக் குரலில் நாலு தடத்துக்காரர்களும் முன்னால் பார்த்திருப்பார்கள்.

அந்தப் பக்கம் நின்ற பெண் அதிகாரி ஒருவர் வந்தார், தமிழர். “ஆன்ட்டி, கண்ணாடியக் கழட்டிட்டு மேல கேமராவப் பாருங்க” என்றார். அம்மா கழற்றினாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்குக் கேமரா எங்கே என்றே தெரியாது, அதனால் அந்த அதிகாரி கையை நீட்டி இங்கே, இங்கே என்று காட்டினார். பார்த்தாள். அடுத்துத் திரை கட்டைவிரலை வைக்கச் சொன்னது.

எனக்குப் பகீரென்றது. நாற்பது வருஷம் சாம்பலும் சோப்பும் போட்டுப் பாத்திரம் துலக்கிய கை. எங்கள் தெரு ரேஷன் கடையில் ‘ரேகை விழலை’ என்று மாதாமாதம் அவளுக்கு நடக்கும் கூத்து எனக்குத் தெரியும். வைத்தாள், விழவில்லை. ஆனால் இந்த இடத்தில் அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கட்டைவிரலைப் புடவையில் துடைத்தாள், நெற்றியில் ஒருமுறை அழுத்தித் தேய்த்தாள், நிதானமாக வைத்தாள். பச்சை. கதவு திறந்தது. ரேஷன் கடையில் சர்க்கரை வாங்குகிற அதே வித்தை. அதிகாரி சிரித்துவிட்டார்.

எனக்கு அதற்குப் பிறகு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. என்னிடம் விரலே கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அம்மா பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே நின்றாள். “சீல் எங்கடா?” சீல் கிடையாது, மெயில் வரும் என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பெட்டி வரும் இடத்துக்குப் போவதற்குள் இரண்டு மின்னஞ்சலும் வந்துவிட்டன. ஆளுக்கு 30 நாள். இதை அலட்சியமாக விடாதீர்கள். பல முறை போய்வரக்கூடிய விசா இரண்டு வருஷத்துக்கு இருந்தாலும், ஒரு தடவை உள்ளே போனால் எத்தனை நாள் இருக்கலாம் என்பதைச் சொல்வது விசா இல்லை, இந்த ஈ-பாஸ்தான். முத்திரை இருந்தபோது பாஸ்போர்ட்டைத் திறந்தாலே கடைசி நாள் கண்ணில் படும். இப்போது நாமாக மின்னஞ்சலைத் திறந்து பார்த்தால்தான் உண்டு. நான் ஒரு பிரிண்ட் எடுத்து அம்மாவின் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்தேன். சட்டப்படி அவசியமில்லை, அம்மாவின் மனசுக்கு அவசியம்.

பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பும்போது வேலை இன்னும் சுலபம். 2024 செப்டம்பர் கடைசியிலிருந்து சாங்கியின் எல்லா முனையங்களிலும், வெளிநாட்டுப் பயணிகள் கிளம்பும்போது குடிநுழைவில் பாஸ்போர்ட்டை நீட்டவே வேண்டாம். வரும்போது பிடித்து வைத்த முகமும் கருவிழியும் போதும். 25 வினாடி ஆனது பத்தாகக் குறைந்தது என்று ஆணையமே சொல்கிறது, தங்கையின் பத்து செகண்டு இங்கேயிருந்துதான் வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. செக்-இன்னில் கேட்பார்கள், இந்த முனையில் நம் ஊர் அதிகாரியும் கேட்பார். அம்மா இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தானாகவே கண்ணாடியைக் கழற்றி, பாஸ்போர்ட்டைத் திறந்து கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். முகம் பாதி மறைந்துபோய்க் கதவு திறக்க மறுத்தது. “கீழ இறக்கும்மா” என்றதும் இறக்கினாள், திறந்தது.

திருச்சியில் அந்தப் புது முனையத்தில் பழையபடி வரிசை, கவுண்டர், அதிகாரி. டக்கென்று சீல் விழுந்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். 2025 செப்டம்பரில் திருச்சிக்கும் தானியங்கிக் கதவு வந்துவிட்டது. முன்கூட்டியே பதிவு செய்த இந்தியக் குடிமக்களுக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கும் மட்டும். விரல் ரேகையும் முகமும் கொடுத்துப் பதிய வேண்டும் என்றதும், “அதுக்கும் ரேகையா?” என்று அம்மா கையைப் பார்த்துக்கொண்டாள்.

போன வாரம் பெரியம்மா போன் செய்திருந்தாள். அவளும் பேரனைப் பார்க்கச் சிங்கப்பூர் போகிறாளாம். அம்மா அரை மணி நேரம் பாடம் எடுத்தாள். “கண்ணாடியக் கழட்டிரு. திரும்பிப் பாக்காத. வெரலு விழலைன்னா நெத்தியில தேய்ச்சுக்க. அப்புறம் அக்கா, குங்குமம் வெக்கறதுன்னா மேல அட்டையில வெய்யி. உள்ள வெச்சிராத.”