துண்டில் சுற்றிய பிஸ்டனுடன் ஒரு பயணம்

இரவுப் பேருந்தில் என் மடியில் இருந்த பையில் சட்டை ஒன்றுதான். மீதியெல்லாம் இரும்பு: துண்டில் சுற்றிய பழைய பிஸ்டன், வெர்னியர், ஸ்டீல் ஸ்கேல், தேய்ந்த போல்ட் நாலைந்து. பக்கத்து இருக்கைக்காரர் பையைக் கொஞ்சம் நகர்த்தப் பார்த்துவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வீட்டில் பிரித்துப் போட்டிருப்பது பி.எஸ்.ஏ. எம்20 என்ற பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்காகவே 1,26,000 வண்டிகள் வரை செய்தார்கள். அதனால் பாகம் எங்காவது கிடைத்துவிடும் என்றொரு நம்பிக்கை. எனக்கு வேண்டியது பிஸ்டனும், அதன் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கும்.

காலையில் நுழைந்த முதல் கடையிலேயே கிராங்க் இருந்தது. "எம்20தான் சார், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். கிராங்கையும் பிஸ்டனையும் இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன், துளி ஆட்டமில்லை. பணத்தை எடுக்கப் போனவன், எதற்கும் இருக்கட்டுமென்று இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே கிராங்கைத் தூக்கி வைத்தேன். ராடை நேராக நிறுத்தி, மேல் நுனி எவ்வளவு உயரம் என்று ஸ்கேலில் பார்த்துக்கொண்டு, சக்கரத்தை அரைச்சுற்றுச் சுற்றினேன். ராட் இறங்கியது 112 மி.மீ. எம்20-க்கு 94தான் வர வேண்டும். இது அதன் அண்ணன், 591 சி.சி. எம்21-ன் கிராங்க். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், இரண்டுக்கும் 82 மி.மீ.தான்; பிஸ்டன் ஏறியிறங்கும் தூரமான ஸ்ட்ரோக்தான் வேறு. கண்ணை மூடியிருந்தால் பதினெட்டு மில்லிமீட்டர் ஏமாந்திருப்பேன்.

கடைக்காரர் அசரவில்லை. "அப்போ எம்21 சிலிண்டரும் தர்றேன், பெரிய வண்டியாவே கட்டிடுங்க!" ஒரு நிமிஷம் சபலம் தட்டியது, பொய் சொல்வானேன்.

பிஸ்டன் கிடைத்தது மூன்று தெரு தள்ளி, ஒரு பெரியவரிடம். என் சிலிண்டர் தேய்ந்து 82.6-க்கு வந்திருந்தது. 20 சைஸ் என்றால் அசல் அளவைவிட அங்குலத்தில் ஆயிரத்துக்கு இருபது பங்கு பெரிய பிஸ்டன்; அதற்குப் போர் ஏறக்குறைய 82.5தான் என்பதால் அது உதவாது. 40 சைஸ், அதாவது 83 வேண்டும். பிஸ்டனைக் கையில் வாங்காமல் சிலிண்டரைக் கடைந்து போரிங் போட்டுவிடாதீர்கள். லேத்காரர் அவசரப்படுத்துவார், கொடுக்காதீர்கள். கடைந்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

பெரியவர் தூசி தட்டிக் கொடுத்த டப்பாவுக்குள் எண்ணெய்க் காகிதம். பிரித்தால் பிஸ்டன் தலையில் "40" என்ற முத்திரை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளில் மட்டும் லேசாகத் துரு.

"ரிங் புதுசாப் போட்டுக்க தம்பி. கேப் பார்த்துத்தான் போடணும், தெரியுமில்ல?"

தெரியும். ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங்கின் இரு நுனிகளுக்கு நடுவே உள்ள கேப்பில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். இந்தப் போருக்கு அங்குலத்தில் ஆயிரத்துக்குப் பத்திலிருந்து பதின்மூன்று பங்கு இருந்தால் போதும். தெரியும் என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் இன்னும் அரைமணி நேரம் பேசினார்.

திரும்பும் பேருந்தில் பையில் பிஸ்டன் இரண்டு. கிராங்குக்கு அடுத்த மாதம் இன்னோர் ஊர்.