திரைக்கதைத் தேர்வில் மாண்டேஜும் பாடலும்: தாளில் எழுதும் முறை

திரைக்கதைப் பட்டயப் படிப்பின் இறுதித் தேர்வுக்குத் தயாராகும் பலர், வசனத்துக்குத் தரும் உழைப்பில் பாதியைக்கூட மாண்டேஜுக்கு, அதாவது காலப்போக்கில் நடக்கும் மாற்றத்தைச் சிறுசிறு ஷாட்களின் கோவையாகக் காட்டும் பகுதிக்கு, தருவதில்லை என்பதை என் படிப்புக் காலம் முழுவதும் கவனித்தேன். "பாடல் தொடங்குகிறது, இருவரும் நெருங்குகிறார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், திரையில் நான்கு நிமிடம் ஓடவேண்டிய பகுதி தாளில் இல்லாமலே போய்விடுகிறது. ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்ற கணக்கும் அங்கேயே குலைகிறது.

மாண்டேஜுக்கு முதலில், எது மாறுகிறது என்பதைச் சொல்லும் தலைப்பு வேண்டும். அதன் கீழே ஒவ்வொரு ஷாட்டையும் இடமும் வேளையும் குறித்துத் தனி வரியில் எழுதி, கடைசியில் 'மாண்டேஜ் முடிவு' என்று போட வேண்டும். நான் பயிற்சிக்காக எழுதிய ஒன்று:

மாண்டேஜ்: செல்வியின் இட்லிக் கடை வளர்கிறது
– அடுக்களை, இரவு: செல்வி ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுகிறாள்.
– தெருமுனை, காலை: பெஞ்சில் ஒரே ஒருவர் சாப்பிடுகிறார்.
– அடுக்களை, இரவு: கிரைண்டர் ஓடுகிறது. ஆட்டுக்கல்லின் மேல் வாழையிலைக் கட்டு.
– தெருமுனை, காலை: பெஞ்சு நிறைந்து, சிலர் தட்டோடு நிற்கிறார்கள்.
மாண்டேஜ் முடிவு

இதில் 'நாட்கள் நகர்கின்றன' என்று எழுத வேண்டிய தேவையே இல்லை; ஓரங்கட்டப்பட்ட ஆட்டுக்கல் அதைச் சொல்லிவிடுகிறது. பிரேக்டவுன் எடுக்கும், அதாவது படப்பிடிப்புக்குத் தேவையானவற்றைப் பட்டியலிடும், உதவி இயக்குநருக்கும் லொக்கேஷன் இரண்டுதான், கிரைண்டர் ஒன்று வேண்டும், துணை நடிகர்கள் கூட்டமாகத் தேவைப்படுவது கடைசி ஷாட்டுக்குத்தான் என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. ஒரே இடத்தில் இடைவெளியின்றி நடக்கும் செயலைத் துண்டுதுண்டாகக் காட்டுவது வேறு. அதை மாண்டேஜ் என்று தலைப்பிடக் கூடாது.

பாடலுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. நம் படங்களில் பெரும்பாலும் மெட்டு முதலில் அமைந்து, பிறகே வரிகள் எழுதப்படுவதால், திரைக்கதையாசிரியர் கையில் இருப்பது சூழல் மட்டுமே. ஆகவே பல்லவி, இடையிசை, சரணம் என்ற பகுப்பையே சட்டகமாகக் கொண்டு, ஒவ்வொன்றின் கீழும் கதை எங்கே நகர்கிறது என்பதை எழுதுவது நல்லது. பார்வையாளர் சொற்களைப் பின்தொடராத இடையிசையில்தான் முக்கியமான திருப்பத்தை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாத்திரங்கள் உதடசைத்துப் பாடுகிறார்களா, பாடல் பின்னணியில் ஒலிக்கிறதா என்பதைத் தலைப்பிலேயே குறிப்பிடுங்கள். நடுவில் வசனம் வந்தால் 'இசை தணிகிறது' என்று எழுதி, அதைத் தனிக் காட்சியாக முழுமையாக அமைத்த பிறகு, 'பாடல் தொடர்கிறது: இரண்டாம் சரணம்' என்ற தலைப்போடு திரும்ப வேண்டும்.