பெற்றவரைத் தேடினேன்: மஞ்சள் பையிலிருந்து காரா வரை

தத்துப்பிள்ளை ஒருத்தி பெற்ற தாயைத் தேடுகிறாள் என்றதும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வளர்த்தவங்க உனக்கு என்ன குறை வெச்சாங்க?" அடுத்தது, "சொத்து ஏதாவது இருக்கா?" என் அப்பா அம்மா எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. சொத்துப் பேச்சுக்கும் இடமில்லை. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டப்படி, தத்து முடிந்த நாளிலேயே பிறந்த குடும்பத்தோடு இருந்த சட்ட உறவு முடிந்துவிடும். முறைப்படி நடந்த தத்தை யாராலும் ரத்து செய்யவும் முடியாது. இந்த இரண்டாவது விஷயத்தை வளர்த்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு எத்தனை வயதானாலும் போவதில்லை.

நான் 1991இல் பிறந்தவள். தத்தெடுத்ததை வீட்டில் மறைத்ததில்லை. ஆனால் அதற்கு மேல் பேச்சு நகராது. தேடப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பீரோவைத் திறந்து ஒரு மஞ்சள் பையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே பதிவு செய்த தத்துப் பத்திரமும், என்னைத் தத்துக் கொடுத்த குழந்தைகள் இல்லத்தில் போட்ட தடுப்பூசி அட்டையும் இருந்தன.

அந்தக் காலத்தில் இல்லத்திலிருந்து ஓர் இந்துத் தம்பதி தத்தெடுக்க வேண்டுமென்றால் நீதிமன்ற அனுமதி வாங்கி, பிறகு பத்திரம் பதிவார்கள். (இப்போது நடைமுறை வேறு. 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை மாவட்ட ஆட்சியர்தான் கொடுக்கிறார்.) பத்திரத்தில் நீதிமன்ற ஓ.பி. எண், அதாவது அந்த அனுமதி மனுவின் எண், இருந்தது. அதை வைத்து, உத்தரவின் நகல் கேட்டு நீதிமன்ற நகல் பிரிவில் மனுப் போட்டோம். பழைய கட்டு என்பதால் பல மாதம் இழுத்தது. மனுவில் அப்பாதான் கையெழுத்துப் போட்டார். "எதுக்கு சார் இப்போ இந்த ஆர்டர்?" என்று எழுத்தர் கேட்டதற்கு, "என் மகளுக்கு வேணும்" என்றார். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

அந்த உத்தரவில்தான் எனக்கு வேண்டியது இருந்தது: குழந்தையைத் தாயே எழுதிக்கொடுத்து ஒப்படைத்திருக்கிறார். தேடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஒப்படைக்கப்பட்ட குழந்தைக்குப் பெயரும் கையெழுத்தும் உள்ள காகிதம் ஒன்று இருக்க வேண்டும். கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கு அது இருக்காது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில், பெயர் சொல்லாமலே குழந்தையை விட்டுவிட்டுப் போக முடியும். அப்படி வந்தவர்களுக்குத் தேடல் பெரும்பாலும் தொட்டிலோடு நின்றுவிடுகிறது.

என்னைக் கொடுத்த இல்லம் மூடிப் பல வருடமாகிவிட்டது. முன்பு அதை நடத்தியவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டால், "பழைய ஃபைல் எல்லாம் கரையான் அரிச்சிடுச்சும்மா" என்றார். அந்த வார்த்தையை அப்படியே நம்பிவிடாதீர்கள். என் கோப்பு கரையான் அரிக்காமல் பத்திரமாகவே இருந்தது.

அதை வெளியே கொண்டுவந்தது டெல்லியில் இருக்கும் காரா, அதாவது மத்திய தத்தெடுப்பு ஆணையம். 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறைகளில் 'ரூட் சர்ச்', அதாவது தத்துப்பிள்ளை தன் பிறப்பைத் தேடுவது, என்று தனியாகவே ஒரு விதி இருக்கிறது. 18 வயது கடந்தவர் தாமே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழே என்றால் வளர்க்கும் பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் அங்கிருந்து மாநிலத்துக்கும், பிறகு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் வந்தது. பெற்றவர் தன் பெயரை வெளியிடக் கூடாது என்று கேட்டிருந்தால், அவருடைய சம்மதம் இல்லாமல் சொல்லமாட்டார்கள். அவர் மறுத்தாலோ, ஆளே கிடைக்காவிட்டாலோ, எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தார் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆள் யாரும் நமக்காகத் தேடக் கூடாது.

இந்தக் கடைசி விதியின் மேல் பலருக்குக் கோபம் உண்டு. நான் அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். "ஊர் பேரு மட்டும் குடு, ஒரே வாரத்துல ஆளைக் கண்டுபிடிச்சுடலாம்" என்று என்னிடமும் சொன்னார்கள். கண்டுபிடிக்கவும் முடியும்தான். ஆனால் ஒரு தெருவில் போய், "முப்பது வருஷத்துக்கு முன்னாடி கல்யாணம் ஆகாம பிள்ளை பெத்த பொண்ணு யாரு?" என்று ஒருவன் டீக்கடையில் விசாரித்தால் அந்தப் பெண்ணின் நிலைமை என்ன ஆகும்? புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமல் அவர் இத்தனை வருடம் வாழ்ந்திருக்கலாம். என் உரிமைக்காக அவர் தலையில் கல்லைப் போட எனக்கு மனமில்லை.

கோப்பைக் காட்டுவதற்கு முன் சமூகப் பணியாளர் என்னிடம் நீண்ட நேரம் பேசினார். "அவங்க உங்களைப் பார்க்க மாட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்று நேராகவே கேட்டார். அந்தக் கேள்விக்கு நமக்குள்ளே ஒரு பதில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

எழுதிக்கொடுத்த பத்திரத்தை என் கண் முன்னால்தான் நகல் எடுத்தார்கள். பெயர், ஊர், கையெழுத்து மூன்றின் மேலும் வெள்ளைத் துண்டுச் சீட்டு வைத்து ஜெராக்ஸ் போட்டார் அலுவலர். கையெழுத்தின் மேல் வைத்த சீட்டு கொஞ்சம் விலகி, ஒரு 'ழ'வின் வால் மட்டும் கீழே தெரிந்தது. மலர்விழியா, பூங்குழலியா, கனிமொழியா என்று பல இரவு யோசித்திருக்கிறேன். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. வயது 19. காரணம் என்ற இடத்தில், "திருமணமாகவில்லை, வளர்க்க வசதியில்லை."

அதைவிட என்னை உலுக்கியது இல்லத்துக் குறிப்பேட்டில் இருந்த ஒரு வரி. ஒப்படைத்துச் சில நாள் கழித்து ஒரு தேதி போட்டு, "தாய் வந்து குழந்தையைப் பார்த்துச் சென்றார்" என்று எழுதியிருந்தது. இன்றைய சட்டம், ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறத் தனியாக இரண்டு மாத அவகாசம் கொடுக்கிறது. அவர் மனம் மாறித்தான் வந்தாரா, வந்தவரை யாராவது திருப்பி அனுப்பினார்களா என்பது அந்த வரியில் இல்லை.

அவரை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெண் பணியாளர் ஒருவர் தனியாகப் பேசியிருக்கிறார். பார்க்க வேண்டாம், பெயரும் சொல்ல வேண்டாம் என்றாராம். ஆனால் நான் எழுதிக் கொடுத்திருந்த கேள்விகளில் உடம்பு சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்லியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு இளவயதிலேயே சர்க்கரை, அவருக்குத் தைராய்டு, வீட்டில் யாருக்கும் இருதயக் கோளாறு இல்லை. பதிலுக்கு அவர் கேட்டது: "படிச்சிருக்காளா? அந்த வீட்ல நல்லா வெச்சிருக்காங்களா?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நல்லா வெச்சிருக்கோம்னு நானே ஒரு வரி எழுதட்டுமா?" என்று கேட்டார். இருவரும் சேர்ந்து எழுதிய கடிதம் இப்போது அந்தக் கோப்பில் இருக்கிறது, என் போன் எண்ணோடு. அவர் கேட்டால் கொடுப்பார்கள்.

சர்க்கரைக்கு வருடாவருடம் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர். தகப்பனைப் பற்றிப் பெற்றவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதற்காக இன்னொரு விண்ணப்பம் போடலாமே என்கிறார்கள் நண்பர்கள். போட்டால் மறுபடி ஓர் அலுவலர் அவரைத் தேடிப் போக வேண்டும், யார் வந்தது என்று வீட்டில் இருப்பவர்களிடம் அவர் மறுபடி ஒரு பொய் சொல்ல வேண்டும். நான் போடப் போவதில்லை.