அழாத பிள்ளைகள்: ஒரு ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 1, 2025, ஞாயிறு

சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. தெங்கா புதுநகரில் எங்கள் புது வீட்டுச் சாவி போன மாதமே கைக்கு வந்தாயிற்று. இந்த மாதக் கடைசிக்குள் குடிபோக வேண்டும். காமன்வெல்த் டிரைவில் இப்போது இருக்கும் மூவறை வீடு அப்பாயியுடையது. அப்பாயி என் மாமியார்தான். மகன் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். பையனுக்குப் பத்து வயது. தொட்டிலை விட்டு இறங்கிய நாளிலிருந்து அவர் பக்கத்தில்தான் படுத்தான்.

மண்டாய் தகனச்சாலையில் அவன் அழவில்லை. வந்த சொந்தமெல்லாம் அதைக் கவனித்தது. "சின்னப் பிள்ளை, விவரம் புரியல" என்றார்கள் சிலர். நாத்தனார் மட்டும், "ஐபேட் பாத்துப் பாத்து இதுங்களுக்கெல்லாம் மரத்துப் போச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கேயோ கேட்ட குரல்.

பகலில் பெட்டி கட்டுவது, இரவில் ஒரு படம் என்று ஏற்பாடு. ஒரு நாள் அவன் தேர்வு, ஒரு நாள் என் தேர்வு. என் உள்நோக்கத்தை இங்கே ஒளிப்பானேன்? வீட்டில் ஒரு சாவு, கையோடு ஓர் இடமாற்றம், இதற்கு நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் படங்களாகப் பொறுக்கி வைத்திருக்கிறேன். எதையாவது பார்த்து அழுது தீர்க்கட்டும்.

ஜூன் 4, புதன்

அவன் முறை. 'காக்கா முட்டை' கேட்டான். 2015-இல் வந்த படம், இவனுக்கும் அதே வயது. அப்பாயியோடு எத்தனை தடவை பார்த்திருப்பான் என்று கணக்கில்லை. தோசை மாவில் காய்கறியைத் தூவி, பேரன்களுக்கு இதுதான் பீட்சா என்று அந்தப் பாட்டி கொடுக்கும் இடத்தில் அப்பாயி கண்ணில் நீர் வரச் சிரிப்பார். ஒருமுறை நம் அடுப்படியிலும் செய்தார். வாயில் வைக்க வழியில்லை.

பீட்சா கடை வாசலில் அறை வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வீடு திரும்பும்போது பாட்டி இறந்துகிடப்பார். சேர்த்து வைத்த காசு காரியச் செலவுக்குப் போகும். அந்த இடம் நெருங்க நெருங்க நான் திரையைப் பார்க்கவில்லை, இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் ஒரு மைலோ பாக்கெட் எடுத்து வந்து ஸ்ட்ராவைக் குத்தினான்.

"ஏம்மா என்னையே பாக்குறீங்க?"

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். பக்கத்து வீட்டு மலாய் அம்மா, எங்களுக்கு மக்சிக், லொந்தோங் சோற்றுக்கட்டியும் ரெண்டாங் இறைச்சிக் கறியும் கொண்டுவந்தார். அப்பாயிக்கு மாட்டிறைச்சி ஆகாதே என்று ஒவ்வொரு வருடமும் சின்ன டப்பாவில் கோழி தனியாக வரும். இன்றும் வந்தது. டப்பாவை நீட்டிய பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும், கை அப்படியே நின்றுவிட்டது. இவன் போய் வாங்கிக்கொண்டான். "தெரிமா காசே, மக்சிக்." முழுவதையும் அவனே சாப்பிட்டான்.

இன்று படம் வேண்டாம் என்று நானே விட்டுவிட்டேன்.

ஜூன் 11, புதன்

என் முறை. ஜப்பானிய இயக்குநர் மியாசாக்கியின் அனிமேஷன் படம் 'ஸ்பிரிட்டட் அவே', 2001. கல்லூரியில் பார்த்தபோது பேய்களும் குளியல்விடுதியும்தான் நினைவில் நின்றன. இப்போது பார்த்தால் முதல் நிமிடத்திலேயே படம் என்னவென்று சொல்லிவிடுகிறார். புது ஊருக்குப் போகும் கார். பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்கும் சிஹிரோ. கையில் பழைய பள்ளித் தோழி கொடுத்த பூங்கொத்து, வாழ்த்து அட்டையோடு. அது வாடிப்போச்சு என்று அவளுக்குக் கவலை. அப்பாவும் அம்மாவும் முன்சீட்டில் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வருகிறார்கள். தெங்கா வீட்டுக்கு அலமாரி அளவெடுக்கப் போனபோது நானும் என் கணவரும் இப்படித்தான் பேசிக்கொண்டு போனோம். பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தோமா?

அப்பாவும் அம்மாவும் பன்றியாகிறார்கள். கத்துகிறாள், ஓடுகிறாள், பயத்தில் உடம்பே மறையப் பார்க்கிறது. வேலை கேட்டு நிற்கிறாள், பெயரைப் பறிகொடுக்கிறாள், சிஹிரோ போய் 'சென்' ஆகிறாள். அதையெல்லாம் எப்படியோ தாண்டிவிடுகிறாள். மறுநாள், அங்கே அவளுக்கு உதவும் பையன் ஹாக்கு அவளுடைய பழைய துணியைத் திருப்பிக் கொடுக்கிறான். அதற்குள் அந்த வாழ்த்து அட்டை. படித்த பிறகுதான் தன் பெயரே நினைவுக்கு வருகிறது. பிறகு ஒரு சோற்று உருண்டையைச் சாப்பிடு என்று நீட்டுகிறான். ஒரு வாய், இரண்டு வாய், அப்புறம் உடைகிறாள். கண்ணீர்த் துளி ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு. அந்த அளவை வரைந்த கைக்குப் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்திருக்கிறது. அழுகை சாவு வீட்டில் வருவதில்லை, சோற்றில் வருகிறது.

பையன் என் மடியில் காலைப் போட்டுக்கொண்டு பார்த்தான். அழவில்லை. "அது உள்ள ஃபில்லிங் ஒண்ணுமே இல்லையா?" என்று மட்டும் கேட்டான்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று 'இலோ இலோ'. நம் ஊர்ப் படம். அந்தோணி சென் எடுத்து 2013-இல் கான் திரைப்பட விழாவில் முதல் படத்துக்கான கேமரா தோர் விருது வாங்கியது. (கான் போட்டிப் பிரிவுக்கு அதற்கு முன்பே, 2008-இல், எரிக் கூ எடுத்த 'மை மேஜிக்' போயிருக்கிறது. தமிழ் பேசும் படம், தமிழ் அப்பாவும் தமிழ்ப் பையனும். அந்த அப்பா கண்ணாடியை மெல்லுவதையும் ஊசியைக் குத்திக்கொள்வதையும் பத்து வயதுக்குக் காட்ட முடியாது, நாலு வருடம் போகட்டும்.)

1997, ஆசிய நிதி நெருக்கடி. ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு. அப்பாவுக்கு வேலை போகிறது, வீட்டில் சொல்லாமல் சமாளிக்கிறார். அம்மா வயிற்றில் அடுத்த பிள்ளை. பையன் ஜியாலே அடங்காப்பிடாரி. அவனைப் பார்த்துக்கொள்ள பிலிப்பைன்ஸிலிருந்து தெரஸா வருகிறார். பெயரில் இருக்கும் இலோயிலோ அங்கே ஒரு மாகாணம். படம் பையன் பக்கம் நிற்பதுபோல் தோன்றினாலும், வேற்றூருக்கு வந்து சேர்ந்து, தன் குழந்தையை ஊரில் விட்டுவிட்டு இன்னொருவர் குழந்தைக்குச் சோறூட்டுவது அவர்தான். கடைசியில் வீட்டில் காசு இல்லாமல் அவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். விமான நிலையத்தில் பையன் அவர் தலைமுடியில் ஒரு கொத்தை வெட்டி எடுத்துக்கொள்கிறான். பேச்சு ஒன்றும் பெரிதாக இல்லை.

நானும் 1997 டிசம்பரில்தான் வந்து இறங்கினேன். பதினோரு வயது. அப்பா ஏற்கெனவே இங்கே வேலையில் இருந்தார். நாங்கள் மயிலாடுதுறையில் தாத்தாவோடு. விசா வந்த மாதத்தில் தாத்தா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மூன்றாம் நாள் விமானம். நான் அழவில்லை என்று சின்னத்தை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தூக்கி வளத்த மனுஷன் கிடக்குறாரு, கல்லு மாதிரி நிக்குது பாரு."

இங்கே வந்து ஐந்தாறு மாதம் இருக்கும். வகுப்பில் ஒரு பையன் தட்டிவிட்டு என் கேம்லின் ஜியாமெட்ரி பாக்ஸ் கீழே விழுந்து மூடி கழன்றுவிட்டது. அவ்வளவுதான். ஓய்வு நேரம் முடிந்தும் அழுதேன், அடுத்த பாடம் முழுக்க அழுதேன், பள்ளியிலிருந்து அம்மாவுக்குப் போன் போயிற்று. அம்மாவுக்குக் கோபமும் வெட்கமும். "ஒரு டப்பாவுக்கா இந்த அழுகை?" பட்டமங்கலத் தெருவில் தாத்தா வாங்கிக் கொடுத்த டப்பா. நானும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. அப்பாவுடைய கம்பெனியில் அந்த வருடம் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள் என்பதும் அம்மா இரவெல்லாம் தூங்காமல் கிடந்ததும் எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் தெரியும்.

படம் முடிந்ததும் பையன் கேட்டது: "அந்த ஆன்ட்டி திரும்பி வரவே இல்லையா?" படத்தில் இல்லை, ஆனால் இயக்குநர் வீட்டில் உண்மையாகவே ஒரு டெரி ஆன்ட்டி இருந்தார், படம் வந்த பிறகு அவரைத் தேடிப் போய்ப் பார்த்தார் என்று சொன்னேன். "குட்" என்றுவிட்டுப் பல் தேய்க்கப் போனான்.

ஜூன் 18, புதன்

பெட்டி, பெட்டி, பெட்டி. அப்பாயி கட்டிலுக்கு அடியில் பதினொரு தமிழ் முரசு நாளிதழ்க் கட்டுகள். சிவப்பு ராஃபியா கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கி, நடுவில் அவருடைய முடிச்சு. அவர் போட்டால் கத்தரிதான் அவிழ்க்கும். பழைய பேப்பர் வாங்கும் காராங்கூனிக்காரருக்கு என்று கட்டி வைத்து, விலை படியாமல் திருப்பி உள்ளே தள்ளியவை.

படம் இல்லை. முதுகு விட்டுப்போயிற்று.

ஜூன் 20, வெள்ளி

'பதேர் பாஞ்சாலி'. கறுப்பு வெள்ளை, அதுவும் வங்காளம் என்றதும் முகம் சுளித்தான். நாணல் பூக்களுக்கு நடுவே தம்பி அப்புவும் அக்கா துர்காவும் ரயிலுக்குக் காதைத் தீட்டும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்பாயியும் ட்ரெயின் கதை சொல்லுவாங்க."

சொல்வார்தான். இந்தப் பக்கத்துக்குத் தங்ளின் ஹால்ட் என்று பெயர் வந்ததே ரயில் நின்றதால். மலாயா ரயில் தஞ்சோங் பகாரிலிருந்து இந்த வீடுகளின் முதுகை ஒட்டித்தான் போகும். பக்கத்து முனீஸ்வரர் கோயிலையே ரயில்வேத் தொழிலாளிகள்தான் ஆரம்பித்தார்கள் என்பார். 2011 ஜூன் 30 இரவோடு ரயில் நின்றது. இவன் பிறப்பதற்கு நாலு வருடம் முன்பு. இப்போது தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு நடைபாதை ஆக்கிவிட்டார்கள். மாலையில் அப்பாயியும் இவனும் அதில்தான் நடப்பார்கள். பார்க்காத ரயிலுக்கு இவன் சத்தம்கூடச் செய்து காட்டுவான்.

துர்கா சாகிறாள். மழையில் நனைந்து வந்த காய்ச்சல். வெளியூரிலிருந்து திரும்பும் அப்பா, மகளுக்கு வாங்கிவந்த புடவையை நீட்டும்போது அம்மாவின் அழுகை கேட்பதில்லை, அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற நரம்புக்கருவி கதறுகிறது. 1955-இல் சத்யஜித் ராய்க்கு அது முதல் படம் என்பதை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. ஆனால் இந்த முறை என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. அப்பு தானே பல் துலக்குகிறான், தானே தலை சீவுகிறான், கிளம்பும்போது வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் குடையை எடுத்துக்கொள்கிறான். அழுவதாக ஒரு காட்சி கிடையாது. ஊரைக் காலி செய்யும்போது, அக்கா திருடி ஒளித்து வைத்திருந்த மணிமாலை கைக்குக் கிடைக்கிறது. கொண்டுபோய்க் குளத்தில் வீசுகிறான். பாசி விலகி, மெல்ல மூடிக்கொள்கிறது.

"யார்கிட்டயும் சொல்லல" என்றான் இவன். சரியென்று சொன்னானா, தப்பென்று சொன்னானா, தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் காராங்கூனி ஹார்ன் சத்தம். பையன் கீழே பந்து விளையாடப் போயிருந்தான். வீடு முழுக்கப் பெட்டி, நடக்க இடமில்லை. கூப்பிட்டு, பதினொரு கட்டையும் கொடுத்தேன். பேரம்கூடப் பேசவில்லை. சில்லறைதான் கிடைத்தது. கட்டிலுக்கு அடியில் தரை தெரிந்ததும் ஒரு பெரிய வேலை முடிந்த நிம்மதி.

பதினோரு மணிக்கு வந்தான். கை கழுவினான், அறைக்குள் போனான். சத்தமே இல்லை. பிறகு வந்த சத்தத்துக்கு மக்சிக்கே கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். தரையில் உட்கார்ந்துகொண்டு, மூச்சு முட்ட, வாயெல்லாம் கோணி அழுதான். அவன் அப்பா தூக்கப் போனால் உதைக்கிறான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? மூன்று வாரமாக இந்த அழுகைக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தவள், அப்பு என்றும் சிஹிரோ என்றும் இங்கே பக்கம் பக்கமாக எழுதியவள், "ஒரு பேப்பர் கட்டுக்காடா இந்த அழுகை?" என்றேன். என் அம்மாவின் அதே குரல், அதே இழுப்பு.

"பேப்பர் இல்ல. அப்பாயி கட்டினது. அந்த நாட் அவங்க போட்டது."

செருப்பைக்கூடப் போடாமல் கீழே ஓடினேன். லாரி போய்விட்டது. அடுத்த புளோக், அதற்கடுத்த புளோக், உணவங்காடி வரை பார்த்தேன்.

ஜூன் 23, திங்கள்

பட்டியலில் மிச்சம் இருந்தது கார்லா சிமோனின் 'சம்மர் 1993'. கத்தலான் மொழிப் படம், 2017. அவருடைய சொந்தக் கதை. ஆறு வயது ஃப்ரிதாவுக்கு அப்பா முன்பே இல்லை, இப்போது அம்மாவும். பார்சலோனாவிலிருந்து மாமா வீட்டுக்கு, கிராமத்துக்கு அனுப்புகிறார்கள். தொடக்கத்திலேயே ஒரு பையன் அவளைக் கேட்பான், நீ ஏன் அழவில்லை என்று. படம் முழுக்க அவள் அழுவதில்லை. முரண்டு பிடிக்கிறாள், பொய் சொல்கிறாள், மாமா மகளைக் காட்டில் விட்டுவிட்டு வருகிறாள். கடைசியில் எல்லாரும் கட்டிலில் குதித்து விளையாடிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிடும். ஏன் என்று கேட்டால், தெரியாது என்கிறாள்.

இதை அவனோடு பார்க்கவில்லை. அவன் தூங்கிய பிறகு நான் தனியாகப் பார்த்தேன். அந்த மாமாவும் அத்தையும் அவளைக் கட்டிப்பிடிப்பதைத் தவிர ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு தடவை ரீவைண்ட் செய்து பார்த்தேன்.

காலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பட்டமங்கலத் தெரு டப்பாவையும் சொன்னேன். "அந்த டப்பா இப்ப எங்க?" என்றான். தெரியாது என்றேன். தலையாட்டினான்.

ஜூன் 29, ஞாயிறு

தெங்கா. பதினாலாவது மாடி. எம்ஆர்டி ரயில் இன்னும் வரவில்லை, பஸ்தான். விமானப்படைத் தளம் பக்கத்தில் என்பதால் போர் விமானம் போனால் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். நேற்று பால் காய்ச்சினோம். நாளை பள்ளி திறக்கிறது.

படம் போடட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. கூடத்தில், சாமான் கட்டி வந்த சிவப்பு ராஃபியா கயிற்றை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, ஷூ டப்பாவைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றிக்கொண்டிருந்தான். பெருவிரலால் ஓரிடத்தை அமுக்கி, மறு முனையை அதற்கடியில் விட்டு, திரும்ப எடுத்து. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இங்க அமுக்கிப் பிடிங்கம்மா. இல்ல, இந்த விரல்."

பிடித்தேன். இழுத்தான். அவிழ்ந்துவிட்டது. மறுபடி சுற்றினான்.